விலகலோ பிதுக்கமோ? இடுப்புத் தட்டு நோவும் நாட்டு மருத்துவமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், உத்தமபாளையத்திற்கு அணித்தாக, சண்முகாநதி அணையின் அருகே அமைந்தது எம் ஊராகிய ராயப்பன்பட்டி. இவ்வூரில் வைகறையில் விழித்திருப்பார் செவியில் முதற்கண் விழுவது கோயில் மணி. அடுத்து விழுவது, ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் இரைச்சல். கொடிமுந்திரிப் பந்தலின் கீழும், நெல்வயலிலும், மலைமேலும் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்தவர்கள் மாலையில் வீடு திரும்புங்கால் மூன்றாவதொன்றும் கேட்கலாம். "இடுப்புப் பிடித்துக்கொண்டது" என்பார் ஒருவர். "ஜவ்வு விலகியிருக்கும், வைத்தியரிடம் போய்த் தடவிக்கொண்டு வா, தள்ளிவிட்டால் தன்னிடத்திற் சேர்ந்துவிடும்" என்பார் மற்றொருவர். இவ்விடையிலுள்ள 'விலகல்' என்னும் ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மருத்துவம் பயிலாத யாம் மருத்துவத்தைக் குறித்து எழுதப் புகுந்தமை கண்டு உடன்மாணவர் நகைத்தல் கூடும். மருந்து சொல்ல யாம் வரவில்லை. சொல்லைப்பற்றிச் சொல்லவே வந்தோம். ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயர் அந்நோய்க்கு அவர் செய்யும் மருத்துவத்தையும் வகுத்துவிடுகின்றது என்பதனை எம் குடும்பத்திலேயே கண்டோமாகலின், இது தமிழ் பயில்வார்க்குப் புறம்பான பொருளன்று என்று துணிந்தோம்.

நம் முதுகந்தண்டு 33 முள்ளெலும்புகளால் ஆயது. அவற்றுட் கீழேயுள்ள சில ஒன்றோடொன்று பிணைந்துபோக, மேலுள்ள 24 எலும்புகளே தனித்தனியே அசையவல்லன. கழுத்தின் முதலிரண்டு எலும்புகளின் நடுவே ஒழிய, ஏனையவற்றின் நடுவே ஒவ்வொரு தட்டு உண்டு. ஆகத் தட்டுகள் 23. இவற்றையே ஊரார் 'ஜவ்வு' என்பர். ஒரு தட்டின் புறத்தே வலிய நார்வளையங்கள் அடுக்கடுக்காகச் சூழ்ந்திருக்கும். அகத்தே நீர் மிகுந்த பாகு போன்றதொரு பொருள் நிறைந்திருக்கும். இளநுங்கினை அறிந்தார்க்கு இவ்வமைப்பை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இளமையில் அப்பாகினுள் நூற்றுக்கு எண்பது பங்கும் அதற்கு மேலும் நீரே; ஆண்டு ஏற ஏற அது வற்றும். பகல் முழுதும் உடற்பாரம் அழுத்துதலால் தட்டுகள் சிறிது நீரை இழந்து, இரவிற் கிடந்து உறங்குங்கால் அதனை மீளப் பெறுகின்றன. ஆதலின் காலையில் அளந்த உயரத்தினும் மாலையில் ஒருவன் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்திருப்பான். விடுதிச் சுவரிற் கோடிட்டு யாம் அளந்து பார்த்தோம், மெய்யே. சுவரிற் கோடிட்டமைக்காக விடுதிக் காப்பாளரிடம் வசை பெற்றதும் மெய்யே.

இனி, இத்தட்டு எவ்வாறு கேடுறுகின்றது? ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் என்பார் 1960-களில் உயிருள்ள மாந்தரின் தட்டினுள் ஊசி செலுத்தி அதனகத்து அழுத்தத்தை அளந்தார். ஒருவன் நிமிர்ந்து நிற்குங்கால் உள்ள அழுத்தம், அவனே குனிந்து கையிற் பாரமேந்துங்கால் இருமடங்கிற்கும் மேலாதல் புலனாயிற்று. எம் பள்ளத்தாக்கின் தொழில்களை இதனோடு வைத்து எண்ணுக. ஏலக்காய் மரத்துக் கனிபோல் மேலே தொங்குவதன்று. செடியின் அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களிற் காய்ப்பது. அதனை எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தே இருத்தல் வேண்டும். நாற்று நடுவாரும் அவ்வாறே. கொடிமுந்திரி மட்டும் தலைக்குமேல் தொங்குமெனினும், பறித்ததைப் பெட்டியிலிட்டு லாரியில் ஏற்றுவார்க்குக் குனிதல் தவிராது. மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப்பு ஓட்டுவாரும் குலுக்கலுக்குத் தப்பார்; வண்டி ஓட்டுந் தொழிலினர்க்கு இந்நோய் மிகுதியாக வருதலை அமெரிக்க ஆராய்ச்சியொன்று 1975-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டிற்று. பிறவிக்கூறும் இதிற் பெரும் பங்கு கொள்வது. ஒரே தோட்டத்தில் ஒரே பாரத்தைச் சுமந்த இருவருள் ஒருவர்க்கே நோய் வருதலும் அதனால் என்க.

நார்வளையம் நாளடைவில் நைந்து ஓரிடத்திற் கீறுங்கால், அகத்துப் பாகு அவ்வழியே பின்புறத்துப் பக்கவாட்டிற் பிதுங்குகின்றது. அவ்விடத்தே காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் உண்டு. பிதுங்கிய பொருள் அதனை அழுத்துவதோடு, தன் இரசாயன இயல்பால் அழற்சியையும் உண்டாக்கும். ஆகவே நோவு இடுப்பிற் பிறந்து, புட்டத்தின் வழியாகத் தொடை, கெண்டைக்கால், கால்விரல் வரை மின்னல்போல் இறங்கும். இருமினும் தும்மினும் மிகும். இடுப்பிற் பிதுங்கும் தட்டுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, கடைசி இரண்டு தட்டுகளே. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, முழங்கால் மடியாமல் காலை உயர்த்த, பாதி உயருமுன்னரே அவர் அலறுவாராயின் நரம்பு நெருக்குண்டதென்று மருத்துவர் ஐயுறுவர். இந்நோவு பண்டே அறியப்பட்டதாயினும், அதற்குத் தட்டின் பிதுக்கமே காரணமென்று உலகம் ஒருதலையாக அறிந்தது 1934-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் மருத்துவர் இருவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரேயாம்.

இப்பொழுது 'விலகல்' என்னும் சொல்லுக்கு வருவோம். தட்டானது மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுகப் பற்றியிருப்பது. அது மேசையின் இழுப்பறைபோல் வெளியே நகருவதுமில்லை. கையால் தள்ள உள்ளே நுழைவதுமில்லை. ஆங்கிலேயரும் இதனை 'வழுக்கிய தட்டு' என்று வழங்கி அதே மயக்கத்துக்கு ஆளாயினர். ஆகலின் நம்மவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நிகழ்வது பிதுக்கமே. கொடிமுந்திரிப் பழமொன்றை இருவிரலிடை அழுத்துக. தோல் பிளந்து சதை வெளிப்படும். அச்சதையை மீளத் தோலினுட் புகுத்தவல்ல கை எம் ஊரில் எவர்க்கும் இல்லை. 'விலகிற்று' என்றால் 'சேர்ப்பார் யார்?' என்று உள்ளம் தானே வினவும். 'பிதுங்கிற்று' என்றால் அவ்வினா எழுவதேயில்லை. சொல்லொன்று மாறின் தேடும் மருத்துவமும் மாறும் என்று யாம் கூறுவது இதனாலேயாம்.

எனின், பிதுங்கியது என்னாகும்? இதுவே இந்நோயின் வியப்பு. வெளிப்போந்த பாகினை உடம்பு அயற்பொருளாகக் கருதி, குருதியிலுள்ள விழுங்கணுக்களை ஏவிச் சிறிது சிறிதாகக் கரைத்து உண்டுவிடுகின்றது. பெரிதாக வெளிப்போந்த துண்டே சிறிதாகப் புடைத்ததினும் விரைவிற் சுருங்குமென்பது கேட்டு யாம் முதலில் நம்பவில்லை; குருதிநாளங்களுக்கு அணித்தாகச் செல்லுதலே அதற்குக் காரணமென்பர். பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துள் நோவு வெகுவாகத் தணியும். நெதர்லாந்து நாட்டில், பல வாரங்களாகக் கால்நோவால் வருந்திய 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு விரைந்து அறுவை செய்யவும், மற்றைப் பிரிவினரைப் பொறுத்திருந்து பார்க்கவும் ஏற்பாடு செய்தனர். அவ்வாராய்ச்சி 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுவை பெற்றோர்க்கு நோவு முன்னதாக நீங்கியது. பொறுத்திருந்தோருள் நூற்றுக்கு 39 பேர் நோவு தாளாமல் பின்னர் அறுவை செய்துகொண்டனர். ஆயினும் ஓராண்டு முடிவில் பார்க்க, இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தனர். இதில் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கால் செயலிழந்தோரையும், சிறுநீர் கழிக்கும் ஆற்றல் கெட்டோரையும் அவ்வாராய்ச்சியிற் சேர்க்கவே இல்லை. அத்தகையோர்க்குப் பொறுத்திருத்தல் தகாதென்பது அவர் துணிபு.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு அஞ்சுவார்க்கும் ஒரு சொல். முதுகுநோவே இல்லாத 98 பேரை அமெரிக்காவிற் படமெடுத்துப் பார்த்தபொழுது (1994), பாதிக்கு மேற்பட்டார்க்கு ஏதேனும் ஒரு தட்டுப் புடைத்திருந்தது. ஆகலின் படத்திற் காண்பதெல்லாம் நோயன்று. நோயாளியின் காலும் படமும் ஒன்றையே கூறுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

நிற்க. நம் நாட்டு மருத்துவம் இந்நோய்க்குச் செய்வது யாது? சித்த மருத்துவர் இதனை வாதநோய்களின் பாற்படுத்துவர். யூகி முனிவர் மரபில் வாதநோய் 80 என்பது கணக்கு. அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்த அம்மருத்துவத்தில், இடுப்பு நோவுக்குப் பெரிதும் உதவுவன புறமருந்துகளே. நொச்சி, தழுதாழை, ஆமணக்கு முதலியவற்றின் இலைகளை எண்ணெயில் வதக்கித் துணியிற் பொதிந்து ஒற்றடமிடுவர். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் முதலியன பூசுவர். பூசியபின் கையாற் செய்யும் தொழிலுக்குத் தொக்கணம் என்பது பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். ஒவ்வொரு கைத்தொழிற் கூறுக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல் வகுத்து வைத்திருத்தலை எண்ணுந்தோறும் தமிழ் மாணவராகிய எமக்கு உவகை பெருகுகின்றது. தென்கோடியாகிய குமரிப் பகுதியில் ஆசான்கள் வழிவழியாகக் காத்துவந்த வர்ம மருத்துவமோ, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை எண்ணி, அவற்றைத் தூண்டி நோவு தணிக்க முயல்வது. இக்கலைகள் திண்ணைகளில் மட்டும் நின்றுவிடவில்லை. பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டு அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. சென்னைத் தாம்பரத்துச் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருத்தலை எம் ஊரார் பலர் இன்னும் அறியார்.

இவற்றாற் பயன் உண்டா? உண்டு என்றே யாம் கருதுகின்றோம். ஆனால் ஊரார் நினைக்கும் பயன் அன்று. நரம்பு நெருக்குண்டபொழுது இடுப்பின் தசைகள் இறுகிக் கல்லாகும். சூடும் எண்ணெயும் கைத்தொழிலும் அவ்விறுக்கத்தை நெகிழ்த்தும், நோவு குறையும், உறக்கம் வரும், அஞ்சிக் கிடப்பவன் எழுந்து நடப்பான். நடத்தல் சிறிதன்று. முன்னாளில் மேனாட்டு மருத்துவர் நோயாளியை வாரக்கணக்காகக் கட்டிலிற் கிடத்தினர். இருவாரம் கிடந்தவர்கள் கிடவாதவரினும் யாதும் சிறந்திலர் என்று 1999-ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி காட்டிய பின், அவ்வழக்கம் தளர்ந்தது. ஆகவே, தட்டினை உடம்பு தானே செப்பனிடும் அவ்விரண்டு மூன்று மாதமும் மனிதனைத் தாங்கிப் பிடித்தலே தொக்கணத்தின் தொண்டு. பிதுங்கியதை உட்செலுத்துதல் அதன் தொண்டன்று. கால்முன்னாகப் பிறந்தவரைக் கொண்டு இடுப்பை மிதிக்கச் செய்யும் வழக்கமும் ஊர்களில் உண்டு. அதனை மருத்துவமென்று எண்ண எம் மனம் ஒருப்படவில்லை; பிதுங்கிய தட்டின்மேல் ஒருவர் ஏறி மிதித்தால் விளைவது யாதென்று கொடிமுந்திரிப் பழமே சொல்லும்.

இத்தகைய மருத்துவம் நமக்கே உரியதுமன்று. கொரிய நாட்டில் ஹோ ஜுன் என்னும் அரண்மனை மருத்துவர் தொகுத்து 1613-ஆம் ஆண்டு அச்சேறிய 'டொங்குயி போகம்' என்னும் பெருநூலை அந்நாட்டார் இன்றும் போற்றுகின்றனர். 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அங்குத் தட்டுப் பிதுக்கத்திற்கு ஊசி குத்தல், மூலிகைக் கஷாயம், தேனீயின் நஞ்சைத் தூய்மை செய்து ஊசியாற் செலுத்துதல், 'சுனா' என்னும் கைத்தொழில் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வர். சுனா என்னும் பெயரின் இரு எழுத்துக்களும் தள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளன என்று அறிந்தபொழுது, எம் ஊர் வைத்தியரின் கைகளே எம் நினைவுக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் சுனாவின் செலவில் ஒரு பங்கை அந்நாட்டுத் தேசிய மருத்துவக் காப்பீடே ஏற்கின்றது. அவ்வாராய்ச்சிகளுட் பல அம்மருத்துவத்தைச் செய்வாராலேயே செய்யப்பட்டனவாகலின், அவற்றின் முடிவுகளைச் சற்றுத் தயக்கத்தோடு கொள்ளல் தகும். தேனீ நஞ்சு சிலர்க்கு உயிர்க்கே ஊறு செய்யும் ஒவ்வாமையையும் தரும். ஆயினும் ஒன்று கற்கத்தக்கது. அங்கே மரபு மருத்துவர் சிலர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டே கை வைக்கின்றனர். அறுவைக்குரியவரை அறுவைக்கு அனுப்பிவிடுதலும் அவர் தொழிலின் பகுதியாகின்றது.

அது எம் ஊரில் இல்லாமற் போனமையால் நேர்ந்ததை இனிக் கூறுவோம்.

எம் சித்தப்பா கொடிமுந்திரிப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் தொழிலினர். மூன்றாண்டுகட்கு முன் ஒருநாள் பெட்டியொன்றைத் தூக்கித் திரும்புங்கால், இடுப்பில் ஏதோ 'சுரீர்' என்றதாம்; மறுநாள் வலக்கால் முழுதும் நோவு இறங்கிற்று. பக்கத்தூரிலுள்ள முதிய வைத்தியர் ஒருவரிடம் அவரை இருசக்கர வண்டியில் நாடோறும் கொண்டுசென்றவர் யாமே. அவ்வைத்தியர் பொருளாசை உடையவரல்லர். வெற்றிலை பாக்கும் எண்ணெய்க்காசும் அன்றி எதுவும் பெறார். எம் அன்னையார்க்கு இதே நோவு வந்தபொழுது அவர் கையாலேயே ஒன்றரை மாதத்தில் குணமாயிற்று. ஆகலின் எம்மவர் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஒன்பதாம் நாள், சித்தப்பாவின் கால்நோவு திடீரென்று நின்றது. "பார்த்தீரா தம்பி! விலகினது சேர்ந்துவிட்டது" என்று வைத்தியர் மகிழ்ந்தார். யாமும் மகிழ்ந்து, வரும் வழியில் உத்தமபாளையத்தில் இனிப்பு வாங்கி வந்தோம்.

இரண்டு நாள் கழித்து, வாயிலில் அமர்ந்திருந்த எம் அப்பத்தா, "ஏனப்பா, உன் செருப்பு ஏன் தரையில் இழுபடுகிறது?" என்று வினவினார். வலக்கால் செருப்பு வழியில் இருமுறை கழன்று விழுந்ததாகச் சித்தப்பாவும் கூறினார். அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை, நோவுதான் இல்லையே! பின்னும் இருவாரம் தொக்கணம் நடந்தது. மதுரை மருத்துவமனையொன்றில் மருத்துவர் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. வலக்காலின் முன்பாதம் மேலெழவே இல்லை. நோவு நின்றது, நரம்பு விடுதலை பெற்றதனாலன்று. நோவைச் சொல்லும் ஆற்றலையும் அந்நரம்பு இழந்தமையாலே. அறுவை நடந்தது. நோவு மீளவில்லை, பாதத்தின் வலிமை பாதியே மீண்டது. அவர் இன்று பெட்டி தூக்குவதில்லை, பந்தலிற் கணக்கெழுதுகிறார். வார் வைத்த செருப்பையே அணிகிறார்.

குற்றம் யாருடையது என்று வீட்டிற் பன்னாள் பேசினர். வைத்தியர் பொய்யரல்லர். அவரிடம் சென்றோருட் பெரும்பாலோர் மெய்யாகவே தேறினர். காலம் தேற்றியதற்குக் கை புகழ் பெற்றது. அப்புகழே, தேறாத சிலரைப் பிரித்தறியும் கண்ணை அவர்க்கும் எமக்கும் மறைத்துவிட்டது. இனிப்பு வாங்கிய கை எமது கையே என்பதை யாம் மறக்கவில்லை.

ஆகவே, எந்த மருத்துவத்தை நாடுவோரும் அறிந்திருக்க வேண்டிய குறிகளை இங்கே எழுதுகின்றோம். முன்பாதம் தூக்க மாட்டாமை, குதிகாலாலேனும் கால்விரலாலேனும் நடக்க மாட்டாமை, நோவு குறைந்தும் கால் மெலிந்து சோர்தல் ஆகியன காணின், அன்றே அறுவை மருத்துவரைக் காணல் வேண்டும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. தண்டின் கடைப்பகுதியில் நரம்புகள் கற்றையாகத் தொங்குதலின் அவற்றைக் குதிரைவால் நரம்புகள் என்பர். பெரும் பிதுக்கம் அவற்றை நெருக்கினால், குதிரைமேல் அமர்வார்க்குச் சேணம் படும் இடமெல்லாம் மரத்துப்போம்; சிறுநீர் வாராது, அன்றி அறியாமலே வழியும்; மலமும் கட்டுக்கடங்காது. இஃது ஒற்றடத்திற்குரிய பொழுதன்று. மறுநாள் வரை பொறுக்கும் பொழுதுமன்று. 48 மணி நேரத்துக்குள், கூடுமாயின் அதற்கும் முன்னரே, அறுவை நிகழ்தல் வேண்டும். 108 ஊர்தியை அழைத்துக் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ விரைதலே செயற்பாலது. காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், விழுந்து அடிபடுதல் ஆகியவற்றோடு கூடிய முதுகுநோவும் வேறு நோயாதல் கூடுமாகலின், முதலில் அதனை ஆராய்தல் நன்று.

சந்தையிற் பொட்டலமாக விற்கும் பெயரில்லாத பொடிகளைப் பற்றியும் ஒரு சொல். உண்ட அன்றே நோவு பறந்ததென்றால் மகிழற்க, ஐயுறுக. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருத்தல் இந்நாட்டிற் பலமுறை வெளிப்பட்டுள்ளது. முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் எழுதித்தரும் அமுக்கராச் சூரணம் வேறு, இது வேறு.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் சித்தப்பா, அறுவைச் சீட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, எம்மையும் உடனழைத்து அவ்வைத்தியரிடம் சென்றார். சண்டையிடச் செல்கின்றாரோ என்று யாம் அஞ்சினோம். அவரோ திண்ணையில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி, "ஐயா, எந்திரிக்காத இந்தப் பாதத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று காட்டி, மதுரை மருத்துவர் சொன்னவற்றை ஒன்றுவிடாமற் கூறினார். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பாதத்தைக் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு யாம் ஊர் சென்றபொழுது, அவ்வீட்டு முற்றத்தில் ஜீப்பு ஓட்டுநர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வைத்தியர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. "முதலில் குதிகாலால் அந்த வேப்பமரம் வரைக்கும் நடந்து காட்டப்பா" என்றார். ஓட்டுநர் நான்கடி நடந்தார். இடக்காலின் முன்பாதம் தொப்பென்று தரையில் விழுந்தது. வைத்தியர் தம் பேரனைக் கூவி அழைத்து, மதுரைக்குச் செல்ல வண்டி பார்க்கச் சொன்னார்.